பிரெட்னிசொலோன் குளிசை: 208 போட்ட பிறகு எழுதுகிறேன்

சட்டைக் கொலருக்குத் தைக்கிற பொத்தானைவிடச் சின்னது. வெள்ளை நிறம். தண்ணீர் போகுமுன் நாக்கில் பட்டுவிட்டால் கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கும். பிரெட்னிசொலோன், 5 மில்லிகிராம். நான் வாங்கின காலத்தில் பத்துக் குளிசை அட்டையை ஒரு பிளேன்டீக்கும் வடைக்கும் கொடுக்கிற காசுக்குள் வாங்க முடிந்தது. கரப்பான் என்கிற தோல் வருத்தத்துக்கு நான் கண்ட மருந்துகளில் இதுபோல் விரைவாகக் கேட்டது வேறில்லை. என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டதும் இதுதான். இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதன் பெயரைக் கேட்டார்கள். பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் முழுக்க எழுதுகிறேன்.

நான் திருகோணமலை பாலையூற்றில் வீட்டோடு ஒரு தையல் மெஷினும் ஓவர்லொக்கும் வைத்துத் தைப்பவள். பிளவுஸ், சுடிதார், பள்ளி யூனிபோம். வயது 41. கரப்பான் எனக்கு ஏழு வயதில் தொடங்கியது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் அடங்கிக் கிடந்தது. மகள் பிறந்த பிறகு கைவிரல்களிலும் வந்து சேர்ந்துகொண்டது. கிளினிக் கொப்பியில் எக்சிமா என்று எழுதுகிறார்கள். அம்மா இன்றைக்கும் கரப்பான் என்றுதான் சொல்வார்.

2022இல் நாடு இருந்த நிலைமை எல்லோருக்கும் தெரியும். மருந்து வரவில்லை. நான் வழக்கமாகப் பூசுகிற ஒயின்ட்மென்ட் பல கடைகளில் இல்லை, இருந்த ஒரு கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சமையலுக்கே கணக்குப் பார்த்த காலம், தோலுக்குப் பூசுவதற்கு யார் காசு எடுத்து வைப்பார்கள்? அப்படியே விட்டுவிட்டேன். மாரி தொடங்கி, யூனிபோம் வேலை குவிந்த நேரத்தில் விரல்கள் வெடித்தன. ஒருநாள் வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி இரத்தம். பச்சைத் தண்ணீரில் நனைத்துச் சவர்க்காரம் வைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. அடுத்த நாளும் ஒரு புள்ளி. மூன்றாவது துணியிலும் பட்ட இரவு, மெஷினை மூடிவிட்டு, துணி பக்கத்தில் இருக்கக் கூடாதென்று குசினிக்குப் போய்ச் சொறிந்தேன். நகத்துக்குள் தோல் வந்தது. நான் அழுததை மகள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். இரண்டு நிமிஷம் இருக்கும். சின்னக் கடதாசி உறை ஒன்று தந்தார்கள். அதன்மேல் பேனையால் "4 காலை, 5 நாள்" என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் மருந்து வாங்கிப் பழகியிருக்கிறோம்: உறை, நான்கு கோடு, காலை, இரவு.

முதல் நாள் காலையில் நான்கு குளிசை போட்டேன். அன்று இரவே கடி, அதாவது அரிப்பு, பாதியாகக் குறைந்தது. இரண்டாம் நாள் நீர் வடிவது நின்றது. நான்காம் நாள் முழங்கையை மடித்துத் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு இருந்தது, ஆனால் சூடு இல்லை. கரப்பான் உள்ளவர்களுக்கு அந்தச் சூடு தெரியும், தோலுக்கு உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி. அது அணைந்திருந்தது. ஒரே நாளில் ஆறு யூனிபோம் தைத்து முடித்தேன். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நானும் மனதார நம்பினேன், இத்தனை வருஷத்து வருத்தத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதென்று.

குளிசை முடிந்த ஒன்பதாம் நாள் கழுத்தில் சிவந்தது. பதினொன்றாம் நாள் பழைய இடமெல்லாம் திரும்பி வந்ததோடு, முன்பு ஒருபோதும் வராத வயிற்றிலும் வந்தது.

உறைக்குள் ஒரு குளிசை மிஞ்சியிருந்தது. ஐந்தாம் நாள் மூன்றுதான் போட்டிருக்கிறேன். அதைக் கடதாசியில் சுற்றி ஒரு பாமசிக்குக் கொண்டுபோனேன். அங்கு நின்ற பொடியன் பார்த்த உடனேயே பெயரைச் சொன்னான். "டொக்டர் துண்டு இல்லையா அக்கா? சரி, எத்தனை வேணும்?" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் குளிசை என் தையல் மேசை இழுப்பறையில், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

மாசியில் ஏழு நாள் போட்டேன். சித்திரை வருஷத்துக்கு முன்னர் பத்து நாள். ஒவ்வொரு முறையும் அதே சுகம், நிறுத்திய பிறகு அதே திரும்பல், ஆனால் முதல் தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாக. பிறகு ஆனி, ஆடி வந்தது. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று காயப்போட்ட சேலையை அரைமணியில் உலர்த்திவிடும். தோலையும் அப்படித்தான் உலர்த்தும். மெஷினுக்கு முன்னால் வியர்வை, வெளியில் வந்தால் வறட்சி. நான் நிறுத்தவே இல்லை. தினமும் இரண்டு குளிசை, ஏறத்தாழ இரண்டு மாதம்.

அந்த நேரத்தில் மற்ற வைத்தியங்களையும் விடவில்லை. கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், எல்லாம் கிரந்தி, கடியைக் கூட்டும் என்று அம்மா மூன்று வருஷமாக எனக்குத் தரவில்லை. ஒரு ஞாயிறு அதிகாலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். அப்பாவின் முப்பத்தொராம் நாள் கிரியைக்குப் போன பிறகு அங்கே நான் போனது அன்றுதான். அந்த இடத்தின் மேல் எனக்குப் பக்தி உண்டு, இன்றும் உண்டு. ஆனால் வெந்நீர் கரப்பான் தோலுக்குக் கூடாது. ஊற்றும்போது கடிக்கு இதமாக இருக்கும், தோலில் மிச்சம் இருக்கிற எண்ணெய்ப்பசையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். வீடு வந்து சேரும் முன்னரே ஓட்டோவுக்குள் சொறியத் தொடங்கிவிட்டேன்.

குளிசை உடம்பை மாற்றிக்கொண்டிருந்ததை முதலில் சொன்னது என் அளவு நாடாதான். எனக்கு நானே ஒரு பிளவுஸ் வெட்டினேன். பழைய அளவில் கை ஏறவில்லை. அளந்து பார்த்தால் மார்புச் சுற்றளவு இரண்டு அங்குலம் கூடியிருந்தது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது, ஆனால் கையும் காலும் மெலிந்திருந்தன. முகம் வட்டமாகிவிட்டது. "நல்லா உடம்பு வைச்சிட்டாய் பிள்ளை" என்று மாமி சந்தோஷப்பட்டார். 58 கிலோ இருந்தவள் 66. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. பசி அடங்காது. மகளோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் கத்தினேன். அவள் உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளை, பரீட்சை வருஷம். இதை எழுதும்போதுகூட அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நோகிறது. அந்தக் கோபம் குளிசையாலும் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவளிடமாவது சொல்லி வைத்திருப்பேன்.

முதுகு நோவுக்கு டைக்ளோபெனாக்கும் இடையிடையே போட்டேன். குனிந்து தைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும் ஆபத்து பல மடங்கு என்பது பின்னர்தான் தெரிந்தது. நெஞ்செரிவோடு எனக்கு நின்றது.

ஆவணி முடிகிற நேரம் வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறொரு பாமசிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் பிள்ளை இருந்தார், என்னிலும் இளையவர். யார் எழுதித் தந்தது, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். அவரது முகம் மாறிவிட்டது. "அக்கா, நான் தரமாட்டேன். ஆனா நீங்க இதைச் சட்டென்று நிற்பாட்டவும் கூடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இனிக் குளிசையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து நாள். சோர்வு, குமட்டல், மூட்டெல்லாம் உளைச்சல். கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. தோல் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சிவந்து உரியத் தொடங்கியது. காலையில் கட்டில் விரிப்பைத் தட்டினால் தவிடு மாதிரிக் கொட்டியது. ஆறாம் நாள் வெட்டிய துணியை எடுக்கக் குனிந்தவள் மேசைக்கடியில் விழுந்தேன். அண்ணன்தான் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தோல் கிளினிக் டொக்டரின் பேச்சை அங்கேதான் முதலில் கேட்டேன். சிங்களவர், தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். வராத இடத்தில் நேர்ஸ் எடுத்துக் கொடுத்தார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது தினமும் கோட்டிசோல் என்றொன்றைச் சுரக்கும், விடியற்காலையில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும். நான் வெளியிலிருந்து அதே வேலையைச் செய்கிற குளிசையை மாதக்கணக்கில் கொடுத்ததால் அந்தச் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டது. குளிசையை நிறுத்தியதும் உடம்பில் இரண்டும் இல்லை. பிரஷர் விழுந்தது அதனால்தான். பொதுவாக மூன்று கிழமைக்கு மேல் போட்ட எவரும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தடவையில் போடச் சொல்வதும் அந்தச் சுரப்பியின் நேரத்துக்கு ஒத்துப்போவதற்குத்தானாம்.

மொத்தம் எத்தனை போட்டாய் என்று கேட்டார். எனக்கு ஓடர் கொப்பியில் செலவு எழுதுகிற பழக்கம் உண்டு. மகள் அதைக் கொண்டுவந்தாள். அவளே கட்டில் ஓரத்தில் இருந்து கூட்டினாள். மார்கழி 19, மாசி 28, சித்திரை 40, ஆனியிலிருந்து ஆவணி வரை 121. எல்லாமாக 208. 1040 மில்லிகிராம், பத்து மாதத்துக்குள், எந்த டொக்டருடைய கண்ணிலும் படாமல். டொக்டர் ஏசவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதி வைத்தது நல்லது" என்றார்.

சாப்பாட்டுக்கு முன் எடுத்த சீனி 104, மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 236. இந்தக் குளிசை சீனியை ஏற்றுவது பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, பின்னேர வேளையில்தான். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிப்போகும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, ஆகவே எனக்கும் வரக்கூடிய உடம்பு. இதை ஒரு ஆளாவது ஆரம்பத்தில் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குடும்பத்தில் சீனி, பிரஷர், கண் அழுத்தம், எலும்புத் தேய்வு, எப்போதாவது பட்ட காசநோய், இவையெல்லாம் இந்தக் குளிசைக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்.

இன்னொன்றும் செய்தார்கள், நான் எதிர்பார்க்காதது: முதலில் பூச்சிக் குளிசை தந்தார்கள். நீ வளவில் செருப்பில்லாமல் நடப்பாயா என்று டொக்டர் கேட்டார். நடக்காதவர் யார்? எங்களைப் போன்ற சூட்டு நாடுகளில் மண்ணிலிருந்து காலால் ஏறி, குடலில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கிற ஒரு நுண்புழு இருக்கிறதாம். ஸ்டீரொயிட், அதாவது இந்தக் குளிசை சேர்ந்த மருந்து வகை, உடம்பின் காவலை அடக்கும்போது அது பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளிப்பான் வந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்றார். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்கிற தடுப்பூசி எதுவும் கேட்காமல் போடக் கூடாது. தோலில் கிருமி பிடித்திருந்ததால் அன்டிபயோட்டிக்கும் தந்தார்கள்.

பிறகு அதே வெள்ளைக் குளிசையைக் கையில் வைத்தார்கள். நான் பயந்து போனேன். ஆனால் இந்த முறை அதற்கு ஒரு பாதை இருந்தது. காலையில் ஆறு, அடுத்த கிழமை ஐந்து, பிறகு நான்கு என்று இறங்கி, இரண்டுக்கு வந்த பிறகு இன்னும் மெதுவாக, அரைக் குளிசை அரைக் குளிசையாக. மகள் கலண்டர் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை என்று எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர், 2024இல், கடைசி அரைக் குளிசை. அதற்குள் சாப்பிட்ட பிறகு எடுத்த சீனி 140க்கு இறங்கியிருந்தது. கண் கிளினிக்கில் அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. முகம் பழையபடி வர இன்னும் நான்கு மாதம் ஆனது.

மகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு இந்த மருந்தின் கதையைத் தேடி வாசித்துக் காட்டினாள். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதே வகை மருந்தான கோட்டிசோன் ஊசி போட்டார்கள், சில நாட்களில் எழுந்து நடந்தாள். இரண்டே வருஷத்தில், 1950இல், அதற்கு நோபல் பரிசு. பிரெட்னிசொலோன் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. அந்தப் பெண் நடந்ததைக் கேட்டபோது என் நான்காம் நாள் ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யே இல்லை. மூட்டுவாதம், கடுமையான தொய்வு, இன்னும் எத்தனையோ வருத்தங்களில் இந்தக் குளிசை இன்றைக்கும் உயிர் காக்கிறது. கரப்பானுக்கு மட்டும் கணக்கு வேறு. அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், வயதுவந்தவர்களின் இந்த வகைக் கரப்பானுக்கு ஸ்டீரொயிட் குளிசையைப் பொதுவாகத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. அடக்கும், விட்டதும் திரும்பும், திரும்பத் திரும்பப் போட வைக்கும். நான் கடந்து வந்த பாதையை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

கரப்பான் தோல் நெருக்கமாக நெய்யாத துணி மாதிரி. உள்ளிருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கிற தூசும் கிருமியும் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்ததைப் பார்த்து உடம்பு கோபப்படுவதுதான் சிவப்பும் கடியும். குளிசை அந்தக் கோபத்தை அடக்குகிறது, நெசவு இளகினபடியேதான் இருக்கிறது. நெசவின் இடைவெளியை அடைக்கிற வேலையைச் செய்வது தினமும் பூசுகிற ஒயின்ட்மென்ட். வாட்டில் நேர்ஸ் இதைப் பழக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முப்பது வருஷமாக நான் பிழையாகப் பூசியிருக்கிறேன்.

எமல்சிபையிங் ஒயின்ட்மென்ட் என்று ஒன்று, வெள்ளையாக, மெழுகு மாதிரிக் கெட்டியாக இருக்கும், விலை கூடியதில்லை. சவர்க்காரத்துக்குப் பதிலாக அதைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் குளிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரும் இல்லாமல் சுடுதண்ணீரும் இல்லாமல், பத்து நிமிஷத்துக்குள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே ஒயின்ட்மென்டை மயிர் போகிற திசையில் வழித்துவிட வேண்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, முழங்காலிலிருந்து பாதத்துக்கு. பளபளவென்று ஒரு படை நிற்க வேண்டும், தேய்த்து மறைக்கக் கூடாது. நான் ஒரு சின்ன டப்பாவை இரண்டு மாதம் வைத்திருந்தவள். இப்போது அரைக் கிலோ ஒரு மாதத்துக்கு வராது.

பூசுகிற ஸ்டீரொயிட்டை நான் பயந்து பயந்து பொட்டு வைக்கிற மாதிரி வைத்தேன். குளிசையை அச்சமில்லாமல் விழுங்கியவள், பூசுவதற்குப் பயந்தேன். அதற்கு ஓர் அளவு இருக்கிறது: சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அரைக் கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். உடம்புக்குப் பெட்டமெதசோன், முகத்துக்கும் மடிப்புக்கும் ஹைட்ரோகோட்டிசோன், சொன்ன நாளுக்கு மட்டும். அடங்கிய பிறகு அடிக்கடி வருகிற இடங்களில் கிழமைக்கு இரண்டு நாள். பூசின இடத்துக்குள் நிற்கிற மருந்து இது, குளிசை மாதிரி இரத்தத்தில் ஏறி எலும்பு வரை போவது மிகக் குறைவு.

மிகவும் கடிக்கிற இரவுகளுக்கு ஈரத்துணி கட்டச் சொன்னார்கள். அதற்கு நானே கையுறை மாதிரி ஒன்று தைத்துக்கொண்டேன். அப்பாவின் பழைய வேட்டி, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப் போனது. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே குழாய். தையல் வெளிப்பக்கம் வரும்படி, ஏனென்றால் உள்ளே இருக்கிற ஒரு நூல்முனை போதும் கடியைக் கிளப்புவதற்கு. ஒயின்ட்மென்ட் பூசி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஒன்றைப் போட்டு, அதன்மேல் உலர்ந்த ஒன்றைப் போட்டுப் படுப்பேன். அரைமணிக்குள் சூடு இறங்கும். கிருமி பிடித்துச் சீழ் வைத்த தோலில் மட்டும் கட்டக் கூடாது. பூசிய துணி நெருப்பைச் சட்டென்று பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போது நான் கையை மடித்துவிட்டுத்தான் கிட்டப் போகிறேன்.

இதோடு, உடம்பின் அந்தக் கோபத்தை நீண்டகாலம் அடக்கி வைக்கிற மெதொட்ரெக்சேட் என்ற மருந்து கிழமைக்கு ஒருநாள், எனக்குப் புதன். தவறித் தினமும் போட்டால் உயிருக்கு ஆபத்து, அதனால் அதை மகள்தான் எடுத்துத் தருகிறாள். இன்னொரு நாளில் போலிக் அசிட். இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும், பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஆகாது. வேலை செய்யத் தொடங்க இரண்டு, மூன்று மாதம் பிடித்தது. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் டொக்டர் பிரெட்னிசொலோனைப் பாலமாக வைத்தாராம். கிரந்தி என்று ஒதுக்கியதையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மா வைத்த நண்டுக் கறியில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

மறுபடி போடுவேனா என்று கேட்டால், போடுவேன். உடம்பு முழுக்க உரிந்து, டொக்டர் பார்த்து, இத்தனை நாள், இப்படி இறங்குவது, இறங்கும்போது தாங்கிப்பிடிக்க இந்த மருந்து என்று எழுதித் தந்தால் அன்றைக்கே தொடங்குவேன். அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம் என்பேன். கல்யாணம் வருகிறது, திருவிழா வருகிறது, வேலை குவிந்திருக்கிறது என்பதற்காக இனித் தொடமாட்டேன். பெயர் எழுதாத உறையையும் இனி வாங்கமாட்டேன். "இது என்ன குளிசை டொக்டர்?" என்று கேட்க எனக்கு இப்போது கூச்சமில்லை. கேட்டால் எழுதித் தருகிறார்கள்.

போன கிழமை பெயர் கேட்டு வந்தவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிற தங்கச்சி ஒருவர். அவருக்காக இல்லை, ஆறு வயது மகனுக்காக. பிள்ளை வாசற்படியில் இருந்து முழங்கால் மடிப்பைச் சுவர் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தான். "நீங்க போட்டு உடனே சுகமான குளிசை எது அக்கா, பாதியாக்கிக் குடுப்பம்" என்றார். வளர்கிற பிள்ளைக்கு அது வளர்த்தியையே தடுக்கக்கூடியது என்று சொல்லி, உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். கொப்பியைக் காட்டினேன், 208 என்று மகள் வட்டம் போட்ட பக்கத்தை. பிறகு புது ஒயின்ட்மென்ட் டப்பாவை உடைத்து, பிள்ளையின் காலைக் கழுவி, ஈரத்தோடு வழித்துக் காட்டினேன். கூசுது என்று நெளிந்தான், பிறகு பேசாமல் இருந்தான். அவனுடைய காலைக் குத்துமதிப்பாக அளந்து வைத்திருக்கிறேன், வேட்டியில் இன்னும் ஒன்றரை முழம் மிச்சம் இருக்கிறது. கிளினிக் நாளன்று காலை ஆறரைக்கே நம்பர் எடுக்க வேண்டும், மூவரும் ஒரே ஓட்டோவில் போகிறோம்.